தோற்காத கொள்கை

என்னால் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. இதை எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன். பித்தம் என்கிறாள் மருமகள். வயசு என்கிறார் டாக்டர். தாத்தாவும் இப்படித்தான் நடந்துகொண்டே இருப்பாராம், அந்த ரத்தம் என்கிறான் மகன். ஒரு மனிதன் ஏன் இப்படி இருக்கிறான் என்பதற்கு மூன்று காரணங்கள் ஒரே வீட்டுக்குள் கிடைத்துவிட்டன. மூன்றுக்கும் தலையாட்டுகிறேன். இப்படிக் காரணம் கண்டுபிடிப்பதில்தான் நான் என் வாலிபத்தைச் செலவழித்தேன். அதன் பலனை அனுபவித்தவன் நான் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூனில் போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சென்னையில் பட்டம் வாங்கிய கையோடு கப்பலேறியவன். தமிழ், தெலுங்கு ஆட்கள் கூண்டில் நின்று சொல்வதை ஆங்கிலத்தில் மேஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பர்மியமும் போகப் போக வந்துவிட்டது. ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுச் செய்கிற வேலை அது. மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்த வாய் கிடையாது. படித்து முடித்த, தலையில் சரக்கு இருப்பதாக நினைக்கிற இளைஞனுக்கு அது எவ்வளவு அரிப்பாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாள் முழுவதும் அடுத்தவன் வார்த்தை. சாயங்காலம் டிராமில் உட்கார்ந்தால் என் நாக்கு எனக்கே அந்நியமாக இருக்கும்.

அந்த அரிப்பைச் சொறிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது. ஜெயில் டாக்டர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். தனி ஆள். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்பது அவருக்கு ஒரு பைத்தியம். மேல்நாட்டிலிருந்து புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வரும். கைதிகளின் தலை, காது, தாடை எல்லாவற்றையும் வளைந்த கால்கள் கொண்ட கவராயத்தால் அளந்து வைப்பார். தமிழ்க் கைதிகளிடம் கேள்வி கேட்க என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை மதியம் கோர்ட்டு முடிந்ததும் நேரே ஜெயிலுக்கு ஓடுவேன். சம்பளம் கிடையாது. ஆனால் அங்கே நான் பேசலாம்.

பிறகு மூன்றாவதாக ஒரு பர்மிய வக்கீலும் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் மாவ்பி. அவருடைய குடும்பத்து நெல்வயல்கள் தமிழ் லேவாதேவிக்காரர்களிடம் வாங்கிய கடனில் கைமாறிப் போய், பட்டணத்துக்கு வந்து படித்து வக்கீலானவர். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரைச் 'சயா' என்பேன். பர்மியத்தில் வாத்தியாரையும் பெரியவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை 'மாங்' என்பார், இளையவனைக் கூப்பிடுவது போல.

"உங்கள் ஊர்க்காரர்கள் வந்து எங்கள் வயலை எடுத்துக்கொண்டார்கள், மாங். இப்போது நாங்கள் ஏன் திருடுகிறோம் என்று ஆராய்ச்சி பண்ணவும் நீங்களே வந்துவிட்டீர்கள். ஒரு வேலையாவது எங்களுக்கு விட்டுவைக்கக் கூடாதா?" என்பார். டாக்டர் சிரிப்பார். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

மூவருக்கும் மூன்று கொள்கை. டாக்டருக்கு உடம்பு. குற்றவாளி பிறக்கும்போதே அப்படிப் பிறக்கிறான், எலும்பில் எழுதியிருக்கிறது என்பார். ஒருநாள் வக்கீல் அந்தக் கவராயத்தை வாங்கி, கதவருகே நின்ற வார்டரின் தாடையை அளந்தார். அது பேர்போன கொள்ளைக்காரன் ஒருவனுடைய தாடைக்கு அப்படியே பொருந்தியது. டாக்டர் அசரவில்லை. "இவனுக்குள்ளும் அது தூங்குகிறது. சந்தர்ப்பம் வாய்க்கவில்லை" என்றார். வார்டர் பாவம், அதன்பிறகு எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

வக்கீலுக்கு வயிறு. அரிசி விலை ஏறினால் ஜெயில் நிரம்பும், அவ்வளவுதான் விஷயம் என்பார். அப்படியானால் பசித்தவர்களில் பெரும்பாலோர் ஏன் திருடுவதில்லை என்று டாக்டர் கேட்பார். வக்கீல் சுருட்டைப் பற்றவைத்தபடி, "அதுதான் சரியான கேள்வி. இவன் ஏன் திருடினான் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பக்கத்துப் பாயில் படுத்தவன் ஏன் திருடவில்லை என்று யாராவது கேட்டோமா?" என்பார். கேட்டுவிட்டு, அதற்கு விடை தெரியாமல் சும்மா இருப்பார். விடை தெரியாமல் சும்மா இருக்க அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

என் கொள்கை சகவாசம். திருட்டும் ஒரு தொழில், கூட இருப்பவர்களிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பது. இதற்கு என்னிடம் நேரடி ஆதாரம் இருப்பதாக நினைத்தேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கும் தமிழ் ஆட்கள் திருட்டு வழக்கில் வந்தால், கூலியாட்கள் கூட்டமாகத் தங்கும் ஒரே கொட்டடியைச் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி ஒப்புக்கொள்வார்கள். 'மூட்டை கிழிஞ்சிருந்துச்சு, ஆசைப்பட்டு மடியிலே கட்டிக்கிட்டேன், தப்புத்தான் சாமி.' வெவ்வேறு ஆள், வெவ்வேறு வருஷம், வார்த்தை மாறாது. பார்த்தீர்களா, பேச்சைக்கூடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். கற்றுக்கொடுத்திருந்தார்கள் என்பது உண்மைதான். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

மூன்றையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் என்னுடையது. ஏன் சண்டை போடுகிறோம்? உடம்பில் ஒரு பலவீனம். பட்டணமும் வறுமையும் அவனைச் சொந்த ஊரோடு கட்டியிருக்கும் கயிற்றை அறுக்கின்றன. அறுந்தவனைக் கூட்டாளிகள் இழுத்துக்கொள்கிறார்கள். ஒரு கொள்கையில் இருக்கும் ஓட்டையை அடுத்தது அடைத்துவிடும். டாக்டர் எழுந்து என் கையைக் குலுக்கினார். அன்று ஜெயிலிலிருந்து வீடு வரை டிராம் ஏறாமல் நடந்தேன். அது சந்தோஷத்தில் நடந்த நடை.

அந்தக் கொள்கையின் அழகு என்னவென்றால், எந்தக் கைதி வந்தாலும் அது தோற்காது. தாடை பெரிதாக இருந்தால் உடம்பு. தாடை சரியாக இருந்தால் வறுமை. வயிறு நிறைந்தவனாக இருந்தால் சகவாசம். ஒருவன் வந்து இது பொய் என்று நிரூபிக்க அதில் கதவே வைக்கவில்லை. அதை நான் பலம் என்று நினைத்தேன். கதவில்லாத வீட்டுக்குள் யாரை அடைப்போம் என்று யோசிக்கவில்லை.

பிறகு இதைக் கட்டுரையாக எழுத அட்டவணை போட்டோம். ஜெயிலில் இருந்த துறைமுகத் தமிழர்களை எடுத்துக்கொண்டோம். விநோதமான ஒன்று வெளிப்பட்டது. திரும்பத் திரும்பச் சிறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரங்கூனிலேயே பர்மியப் பெண்ணைக் கட்டிக் குடும்பம் வைத்தவர்கள். பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவந்தவர்கள் அபூர்வமாகத்தான் இருந்தார்கள். நான் துள்ளினேன். ஊர்க் கயிறு அறுந்தவன் கெட்டுப்போகிறான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வக்கீல் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். அவருடைய மனைவியும் பர்மியப் பெண்தான், அவரும் குடும்பஸ்தர்தான் என்பதை நான் மறந்திருந்தேன்.

"ஒரு முரடன்கூடக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தால் அடங்குவான் என்றுதான் உங்கள் ஊரிலும் சொல்வார்கள், எங்கள் ஊரிலும் சொல்வார்கள். இந்த அட்டவணை தலைகீழாகச் சொல்கிறது. உனக்கு ஆச்சரியமாக இல்லையா, மாங்?"

"ஆச்சரியமாக இருப்பதால்தான் இது கண்டுபிடிப்பு" என்றேன்.

"அப்படியா" என்றார். "நான் வக்கீல். சாட்சி இவ்வளவு ஆச்சரியமாகப் பேசினால், யார் சொல்லிக்கொடுத்தது என்று பார்ப்பேன்." கொட்டடிக்கு ஒருமுறை போய்வா என்றார். நான் போகவில்லை. கோர்ட்டிலிருந்து அது நடக்கிற தூரம். அப்போது எனக்கு அட்டவணையே போதுமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான், பர்மாவில் பிறக்காதவன் குற்றம் செய்தால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. போனவன் திரும்பி வர முடியாது. சிலரைத் தண்டனையோடு விடலாம், சிலரை அனுப்பலாம். முடிவு செய்வதற்கு முன் எங்கள் கோர்ட்டு மேஜிஸ்திரேட் டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தார். இவன் திருந்துவானா, மாட்டானா என்று. எங்கள் கொள்கைக்கு வேலை வந்துவிட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவன் இராமநாதபுரம் பக்கத்து ஆள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். கூண்டில் அவனைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதிருக்கும். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஓலைக் குடிசையில் பர்மிய மனைவியோடும் ஒரு பெண் குழந்தையோடும் இருந்தான். எங்கள் அட்டவணைக்கு அவன் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தான். டாக்டரின் அறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஜன்னலோரம் கவராயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

"என்னப்பா, மறுபடியும் வந்துவிட்டாயே" என்றேன்.

"போகச் சொன்னாங்க ஐயா, வந்தேன்."

"யார் போகச் சொன்னது?"

"மேஸ்திரிதான். வேற யாரு?"

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"மூட்டையிலே அரிசி கொறஞ்சா கப்பல் ஜெட்டியிலே கம்பெனிக்காரங்க திருடன்னு ஒரு ஆளைக் கேப்பாங்க ஐயா. குடுக்கலேன்னா கும்பலையே வேலையிலேருந்து நிறுத்திடுவாங்க. ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு கொட்டடியிலே பேசுவோம், யாரு போறதுன்னு. ஊர்லே பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு வந்தவன அனுப்பினா அங்க அடுப்பு அணைஞ்சிடும். அதனால எங்கள மாதிரி ஆளப் பாத்துத்தான் சொல்லுவாங்க. 'உனக்கு என்னடா, பொண்டாட்டி இங்க, பிள்ள இங்க, ஜெயிலும் இங்க. போயிட்டு வாடா'ம்பாங்க. நான் உள்ள இருக்கிறவரைக்கும் அவளுக்குக் கொட்டடியிலேருந்து அரிசி போயிரும். அதுல மட்டும் குறை சொல்ல முடியாது."

"இங்கே குடும்பம் வைத்தவர்கள்தான் போவார்களா?"

"எங்களுக்குள்ள கேலியே அதுதான் ஐயா. பர்மாக்காரிய கட்டினவனுக்கு மாமியார் வீடு ரெண்டுன்னு."

அவனே சிரித்தான்.

"நீ திருடியதே இல்லையா?"

"ஏன் பொய் சொல்லணும்? ஒருவாட்டி எடுத்தேன். மக பொறந்த புதுசு. அன்னைக்கு என்னை யாருமே பிடிக்கல ஐயா." அதற்கும் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "மூணு மாசம், ஆறு மாசம்னா பேசாம இருந்துட்டுப் போவேன். கப்பல்னு சொல்றாங்க. அதுக்கு நான் கொட்டடியிலே ஒத்துக்கலையே. அவளுக்கு இங்க என்னை விட்டா ஆளில்ல. நான் எடுக்கலைன்னு துரைகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

டாக்டர் திரும்பினார். "நீளமாகப் பேசுகிறானே. என்ன சொல்கிறான்?"

அந்த இடத்துக்கு வரும்போது நான் எழுந்துவிடுகிறேன். இப்போதும் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தேன்.

அவன் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று நான் அப்போது நினைத்தேன் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். நினைக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் அது உண்மை என்று தெரிந்துவிட்டது. மாறாத அந்த ஒப்புதல் வாக்குமூலம், தலைகீழாக நின்ற அட்டவணை, எல்லாம் ஒரே நொடியில் நேராக நின்றன. நாங்கள் எண்ணியது திருடியவர்களை அல்ல. கொட்டடி யாரை அனுப்பியதோ அவர்களை. அவர்கள் காதையும் தாடையையும் அளந்து, குற்றத்தின் காதும் தாடையும் இவை என்று எழுதியிருந்தோம். அடுத்த வாரம் டாக்டர் அதிகாரிகள் நிறைந்த ஒரு சபையில் எங்கள் கட்டுரையை வாசிக்க இருந்தார். அதில் என் உழைப்பைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை இருந்தது.

"மற்றவர்கள்மேல் பழி போடுகிறான்" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான்" என்றார் டாக்டர். பழியை அடுத்தவன்மேல் போடுவதும் சகவாசத்தில் கற்றுக்கொள்வதுதான் என்று கட்டுரையில் ஒரு வரி ஏற்கனவே இருந்தது. நான் எழுதிய வரி. அவன் சொன்ன உண்மைக்கும் கொள்கையில் இடம் இருந்தது.

"சொல்லிட்டீங்களா ஐயா?" என்றான் அவன்.

"சொல்லிவிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"யோசிக்கிறேன் என்றார்."

டாக்டர் கவராயத்தோடு அருகில் வந்தார். யாரும் கேட்காமலேயே அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். துரை யோசிப்பதற்கு அது உதவும் என்று நினைத்திருப்பான்.

அன்று சாயங்காலம் வக்கீல் வீட்டுக்குப் போனேன். உள்ளே உட்காராமல் வாசலிலேயே நின்று, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, இப்படி ஒரு வழக்கம் எங்காவது இருந்தால் என்ன செய்வது என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்லதுதானே? இத்தனை நாளில் முதல்முறையாக நமக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்" என்றார். பிறகு, "யாராவது உன்னிடம் சொன்னார்களா?" என்று கேட்டார்.

"இல்லை சயா. சும்மா தோன்றியது."

அவர் விடவில்லை. "சும்மா தோன்றியதற்கா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்றார். மழை வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மழை வரவில்லை.

கட்டுரைக்குக் கைதட்டல் கிடைத்தது. திருந்த வாய்ப்பில்லாதவன் என்று டாக்டர் அபிப்பிராயம் எழுதினார். கொட்டடி சொல்லிக்கொடுத்ததைத் தவிர, தீர்ப்பு நாளில் கோர்ட்டில் அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தான். மேஜிஸ்திரேட் உத்தரவை வாசித்தார். அதை நான் ஒரு வார்த்தை பிசகாமல் தமிழில் சொன்னேன். அவன் மேஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கப்பல் புறப்பட்ட அன்று ஜெட்டிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கொட்டடி ஆட்கள் வேலைக்கு நடுவே வந்து நின்றார்கள். மேஸ்திரி ஒரு புகையிலைப் பொட்டலத்தை அவன் கையில் திணித்து, "ஊர்லே போய்க் கொஞ்ச நாள் படுத்துக் கிடடா" என்றான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஜெயிலுக்குப் பதில் கப்பல் என்பது அவர்களுக்கும் புதிது.

அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் கன்னத்தில் சந்தனம் போல 'தனக்கா' மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தது. என்னைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பர்மியத்தில் கேட்டாள்.

"சயா, இவள் அப்பா எப்போது திரும்பி வருவார்?"

திரும்பி வர முடியாது என்பது உத்தரவில் இருந்தது. அதை அவளிடம் யாரும் அவள் மொழியில் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

"மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவார்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். குழந்தையின் கையைப் பிடித்துக் கப்பலைப் பார்த்து ஆட்டிக் காட்டினாள்.

சில மாதங்களில் அதே கொட்டடியிலிருந்து இன்னொருவன் கூண்டுக்கு வந்தான். புது ஆள், மீசை சரியாக முளைக்கவில்லை. 'மூட்டை கிழிஞ்சிருந்துச்சு, ஆசைப்பட்டு மடியிலே கட்டிக்கிட்டேன், தப்புத்தான் சாமி.' ரங்கூனில் குடும்பம் உண்டா என்று மேஜிஸ்திரேட் கேட்டார். போன மாதம்தான் கல்யாணமாச்சு என்றான். பெண் பர்மியப் பெண்ணா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆமாம் என்றான். அதையும் சொன்னேன். அப்போதாவது எழுந்து பேசியிருக்கலாம். சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளன் சொந்தமாகப் பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரின் அறையில் அந்தச் சத்தியம் எங்கே போயிருந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைகளில் ஜெயிலுக்குப் போவதை நிறுத்தினேன். டாக்டர் ஆள் அனுப்பினார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மழைக்காலம் முடிந்தது. சென்னைக் கப்பல் வரும் நாட்களில் அவள் குழந்தையோடு ஜெட்டி வாசலில் நிற்பதை டிராமிலிருந்து பார்த்தேன். அடுத்த கப்பலுக்கும் நின்றாள். நான் டிராமை விட்டுவிட்டுப் பின்தெருக்கள் வழியாக நடக்க ஆரம்பித்தேன். கோர்ட்டிலிருந்து வீட்டுக்குச் சுற்றுவழி. பிறகு அதைவிடச் சுற்றுவழி. நேற்றுப் போன தெருவில் இன்று போகமாட்டேன். மருமகள் சொல்லும் பித்தம் அப்போது தொடங்கியதுதான்.

ரங்கூன் அவ்வளவு பெரிய ஊர் அல்ல. ஒரு காலையில் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் திரும்பியபோது, காவடிக் கட்டையை இறக்கி வைத்து அவள் மொகிங்கா விற்றுக்கொண்டிருந்தாள். அரிசி இழைமேல் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பெண் வளர்ந்திருந்தது, எச்சில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தது.

"உட்காருங்கள் சயா" என்றாள்.

"பரவாயில்லை, நிற்கிறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போகும்வரை அவள் குழம்பு ஊற்றிக்கொடுத்தாள். பிறகு அகப்பையைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சயா, மழைக்காலம் முடிந்ததும் வருவார் என்று அன்றைக்குச் சொன்னீர்களே. அது கோர்ட்டு சொன்னதா, நீங்கள் சொன்னதா?"

"நான் சொன்னது" என்றேன்.

"கோர்ட்டு என்ன சொன்னது?"

"வரக்கூடாது என்று சொன்னது."

அவள் குழம்புப் பானையை மூடி வைத்தாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் அந்த ஒரு தடவையாவது கொட்டடியில் நடந்ததையும், என்னிடம் அவன் சொன்னதையும், நான் டாக்டரிடம் சொன்னதையும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

"நீங்கள் கோர்ட்டு ஆள். கோர்ட்டு சொன்னதைத்தான் சொல்வீர்கள் என்று இருந்தேன்" என்றாள்.

அடுத்த ஆள் சாப்பிட வந்துவிட்டார். அவள் ஒரு கிண்ணத்தை எடுத்து அரிசி இழையைப் பிய்த்துப் போட ஆரம்பித்தாள். அந்தப் பெண் குழந்தை, நான் உட்காரப்போகிறேன் என்று நினைத்து, ஒரு சிறிய முக்காலியைத் துடைத்து என் காலருகே கொண்டுவந்து வைத்தது. நான் அதைத் தாண்டி நடந்தேன்.